புறவாசல் முருங்கை

என் மகள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காலை 7 மணிக்குச் சொட்டு மருந்து. மாலை 4 முதல் 6 வரை வலது கண்ணில் ஒட்டு. இரவு 8 மணிக்கு மறுபடியும் சொட்டு மருந்து. அதற்குக் கீழே அடுத்த பரிசோதனைத் தேதி, அதற்கும் கீழே கண்ணாடிக் கடைக்காரரின் தொலைபேசி எண். பக்கத்திலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு, நூலில் கட்டிய பென்சிலோடு தொங்குகிறது. ஒட்டு எத்தனை மணி நேரம் இருந்தது, எப்போது பிய்த்து எறியப்பட்டது என்று அதில் தினமும் எழுத வேண்டும். பேத்திக்கு ஆறு வயது. இரண்டு கண்ணிலும் புரையோடு பிறந்தவள்.

எங்கள் ஆச்சி வீட்டில் இப்படி எந்தத் தாளும் ஒட்டியிருந்ததில்லை. முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, வட்டிக் கணக்கு, மாடு சினைப்பட்ட தேதி எல்லாம் அதில் ஏறும். என் மாமாவின் கண்ணைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பும் இராது. மூன்று வயதில் போன பார்வை. போனது போனதுதான், விதி என்றார்கள். விதிக்கு ஏது அட்டவணை?

இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வளர்ந்தவள், வாழ்ந்தவள் நான். சிறுமியாக இருந்தபோது மாமாவின் கை என் தோளில் இருந்தது. இப்போது பேத்தியின் கை என் சேலை முந்தியில் இருக்கிறது. என்ன மாறிவிட்டது என்று கேட்டால், வைத்தியம் மாறிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் மாறியதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

மணல்வாரி

1961. திருநெல்வேலிச் சீமையில் வாய்க்கால் பாயும் ஒரு கிராமம். மாமாவுக்கு மூன்று வயது. விளக்கு வைக்கிற நேரமானால் வாசற்படியில் தட்டுத் தடுமாறி விழுவாராம். தூக்கக் கலக்கம் என்று ஆச்சி தூக்கிப் படுக்க வைத்துவிடுவாள். அது மாலைக்கண் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. அந்தக் கோடையில் ஊரெல்லாம் மணல்வாரி அம்மை போட்டது. மாமாவுக்கும் போட்டது. வேப்பிலைப் படுக்கை, மஞ்சள் நீர், வெறும் கஞ்சி. எண்ணெய், தாளிப்பு, கீரை, முட்டை எல்லாம் விலக்கு. கண் திறக்க முடியாமல் பிள்ளை அழுதபோது தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டார்கள், நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டபோது இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினார்கள். பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் வண்டி கட்டினார்கள். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாராம். உடம்பில் வைட்டமின் ஏ வற்றிக் கிடக்கும் பிள்ளைக்கு மணல்வாரி என்கிற தட்டம்மை வந்தால் சில நாளிலேயே கருவிழி வெந்து குழைந்துவிடும். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியாததால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். ஆச்சியும் அப்படித்தான் நம்பினாள்.

ஒன்றரை மாதத் தடுப்பூசி

பேத்தி 2019-இல் சென்னையில் பிறந்தாள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் குழந்தை நல மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஒளி பட்டால் கண்பாப்பாவுக்குள்ளிருந்து சிவப்பாகத் திருப்பி அடிக்க வேண்டும். அவளுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. “இன்னைக்கே கண் டாக்டரிடம் போங்க. நாளைக்கு வேண்டாம்” என்றார். அந்த “நாளைக்கு வேண்டாம்” என்ற சொல்தான் அன்று முதல் என் மகளின் வீட்டை நடத்துகிறது.

பார்ப்பது கண் மட்டும் செய்கிற வேலை இல்லை என்பதை நாங்கள் அன்றுதான் தெரிந்துகொண்டோம். பிறந்த சில மாதங்களுக்குள் தெளிவான உருவம் உள்ளே போனால்தான் மூளை பார்க்கப் பழகும். பழகாமல் விட்டால், பிறகு கண்ணைச் சரிசெய்தாலும் மூளை அதைச் சட்டை செய்யாது. அதனால் இரண்டு கண்ணிலும் புரை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிடப் பார்க்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தையை மயக்க ஊசிக்குக் கொடுத்துவிட்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கண். அடுத்த வாரம் மறு கண்.

ஏன் வந்தது என்று மகள் கேட்டாள். சொந்தத்தில் கட்டினீர்களா என்று விசாரித்தார்கள். இல்லை. கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்ததா? அதுவும் இல்லை. அதைத் தடுக்கும் ஊசி 2017-இல் தமிழ்நாட்டில் பெரிய இயக்கமாகவே போடப்பட்டது. ஆனால் புரைக்கு ரூபெல்லா ஒரு காரணம் மட்டுமே. பல குழந்தைகளுக்கு இன்னதால்தான் வந்தது என்று சொல்லவே முடியாது என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். மகள் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் தெரியாத இடத்தில் அவள் தன் பெயரை எழுதிக்கொண்டாள். கர்ப்பத்தில் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையிலிருந்து கிரகண நாளில் அலுவலகம் போனதுவரை எண்ணி எண்ணிப் பார்த்தாள்.

புரையோடு சேர்த்துக் கண்ணின் லென்ஸையும் எடுத்துவிட்டதால், அந்த வேலையைக் கண்ணாடிதான் செய்ய வேண்டும். கோலிக்குண்டைப் பிளந்து வைத்ததுபோல் தடிமனான கண்ணாடி, பின்னந்தலையில் எலாஸ்டிக் பட்டை. மூன்று மாதக் குழந்தை அதைப் பிடுங்கி எறியும், மகள் மாட்டுவாள், மறுபடி எறியும். ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணியதில்லை. நான்கு வயதில் உள்ளே லென்ஸ் வைத்த பிறகும் கண்ணாடி விடவில்லை. இடது கண் கொஞ்சம் சோம்பேறி. அதை வேலை வாங்க வலது கண்ணை இரண்டு மணி நேரம் ஒட்டி மூட வேண்டும். நன்றாகத் தெரிகிற கண்ணை மூடினால் எந்தக் குழந்தை சும்மா இருக்கும்? கண்ணில் அழுத்தம் ஏறுகிறதா என்றும் வாழ்நாள் முழுக்கப் பார்த்துவர வேண்டும்.

கயிறும் மஞ்சள் டேப்பும்

ஆச்சி வீட்டில் மாமாவுக்காக ஒரு கயிறு இருந்தது. தேங்காய்நார்க் கயிறு. புறவாசல் தூணில் தொடங்கி முருங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, கழிப்பிடத் தட்டி வரைக்கும் போகும். அதைப் பிடித்துக்கொண்டு மாமா நடப்பார். முருங்கைப் பட்டையில் கை பட்டதும் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கிணற்றங்கரைக்குப் போகாமலிருக்க இடுப்பில் சலங்கை கோத்த கயிறு கட்டியிருந்தார்கள். சலங்கை சத்தம் கிணற்றுப் பக்கம் கேட்டால் வீட்டில் யாராவது ஓடுவார்கள். ஓட ஆளும் இருந்தது. பெரியம்மா, சித்தி, தாத்தா, அத்தை, வேலைக்கு வருகிற இருவர், எப்போதும் முற்றத்தில் நாலைந்து பிள்ளைகள்.

ஆனால் அந்த அன்புக்கு இன்னொரு முகமும் உண்டு. எல்லோரும் எல்லாவற்றையும் அவருக்குச் செய்து கொடுத்துவிடுவார்கள். எட்டு வயதுவரை அவருக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாது. “பாவம், அவனுக்கு எதுக்கு?” என்பதுதான் அந்த வீட்டின் சட்டம்.

மகள் வீட்டில் பாவம் என்ற சொல்லுக்கு இடம் இல்லை. குளியலறை வாசல்படியின் விளிம்பில் மஞ்சள் டேப். வெயில் கூசும் என்பதால் வாசலில் தொப்பி. நீலத் தட்டு. இந்த நீலத் தட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வெள்ளைப் பீங்கான் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தட்டைத் தடவிக்கொண்டிருப்பாள், பசியில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். ஒரு கல்யாணப் பந்தியில்தான் விளங்கியது. பச்சை இலையில் வெள்ளைச் சோறு விழுந்ததும் யாரும் ஊட்டாமல் அள்ளிச் சாப்பிட்டாள்.

பக்கத்து இலையில் மாமா. அவரும் யாரையும் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையின் நுனி இடக்கைப் பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த மூலையில், அடுத்து கூட்டு, பொரியல். எந்த ஊர்ப் பந்தியானாலும் இந்த வரிசை அதிகம் மாறாது. கண் தெரியாதவருக்கு அது வரிசை, அரைகுறையாகத் தெரிகிறவளுக்கு அது நிறம். வாழை இலையை இப்படி யோசித்துப் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று அன்று சிரித்துக்கொண்டோம்.

பாளையங்கோட்டை

மாமாவை எட்டு வயதில் பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி தொடங்கிய பள்ளி அது. விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்று ஆச்சி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லையாம். பிள்ளையை ஆஸ்டலில் தள்ளிவிட்டாள் என்று ஊர் பேசியது.

அங்கேதான் மாமாவுக்குப் பித்தான் போட, துணி துவைக்க, கோலூன்றி நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புள்ளி எழுத்தும் அங்கேதான். விடுமுறைக்கு வரும்போது பிரெயில் சட்டமும் ஊசியும் கொண்டுவருவார். தடித்த தாளைச் சட்டத்தில் செருகி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார். தாளைத் திருப்பிப் போட்டால் இடமிருந்து வலமாக எழுத்து எழும்பி நிற்கும். ஆறே புள்ளி. அதில் தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தது 1951-இல்தான் என்று பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு ஆறு வயதில் அந்தப் புள்ளிகளில் என் பெயரைக் குத்திக் கொடுத்தார். இரவில் விளக்கணைத்த பிறகும் அவரால் பாடம் படிக்க முடிவதில் எங்களுக்கெல்லாம் பொறாமை.

பள்ளி அவரை ஆளாக்கியது. வீட்டிலிருந்து பிரிக்கவும் செய்தது. வருஷத்தில் பத்து மாதம் வேறு வீடு. தம்பியின் காதுகுத்து, தாத்தாவின் சாவு, எல்லாம் அவருக்குத் தபாலில் வந்தது. யாரோ படித்துச் சொன்னார்கள்.

பேத்தி வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளியில் படிக்கிறாள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. வழி இருந்தும் வாசல் உடனே திறக்கவில்லை. முதலில் போன பள்ளியில் சிரித்த முகத்தோடு, “இவளுக்குன்னே தனிப் பள்ளிக்கூடம் இருக்கே, அங்க நல்லாப் பாத்துப்பாங்களே” என்றார்கள். இரண்டாவது பள்ளியில் ஒரு டீச்சர், “முதல் பெஞ்சு போதுமா, இல்ல கரும்பலகை பக்கத்துலயே ஒரு நாற்காலி போடணுமா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அங்கே சேர்த்தோம். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்த தாள், சாய்வாக வைக்கும் பலகை, கறுப்பு மையில் தடித்த கோடு போட்ட நோட்டு. கரும்பலகையை டீச்சர் படம் பிடித்து அனுப்புவார், இவள் அதை டேப்லட்டில் விரல் நுனியால் பெரிதாக்கிப் பார்ப்பாள். மற்ற வீட்டில் பிள்ளையிடமிருந்து திரையைப் பிடுங்குகிறார்கள், எங்கள் வீட்டில் எடுத்துக் கொடுக்கிறோம்.

இதற்கெல்லாம் ஆசிரியர் யார்? பாளையங்கோட்டையில் அதற்கென்று பயின்றவர்கள் இருந்தார்கள். இங்கே இரவு பதினோரு மணிக்கு அலுவலக வேலை முடித்துவிட்டுப் பாடத்தைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்கிறவள் என் மகள்தான். மருமகன் கண்ணாடி, மருந்து, பள்ளிக்குக் கொண்டு விடுவது என்று பாதியைப் பார்த்துக்கொள்கிறார். ஆச்சி வீட்டில் பத்துப் பேர் பார்த்ததை இங்கே இரண்டு பேர் பார்க்கிறார்கள், கையில் நோட்டு வைத்துக்கொண்டு.

சொல்லுகிற வாய்

மாமாவுக்குச் சினிமா பைத்தியம். பன்னிரண்டு வயதில் நான் அவருக்குத் துணை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு அவர் காதில் ஓதிக்கொண்டே இருப்பேன். இப்போ கதவைத் திறக்கான், இப்போ அவ திரும்பிப் பாக்கா. முன்னால் இருப்பவர்கள் “ஏட்டி, சும்மா கெட” என்பார்கள். படம் முடிந்து வரும்போது, “நீ அழுற இடத்துல எல்லாம் சொல்ல விட்டுட்டே” என்பார் மாமா. அதுதான் என் முதல் எழுத்துப் பயிற்சி.

தொண்ணூறுகளில் மாமா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை தந்து ஒதுக்கினார்கள். மீட்டரில் விழுந்த தொகையை வாடிக்கையாளரே படித்துச் சொல்வார். ரூபாய் நோட்டை மாமா நீள அகலம் தடவிப் பார்த்து வாங்கிப் போடுவார். ஏமாற்றியவர்கள் இரண்டு பேர், இருவரின் குரலும் இன்றும் நினைவிருக்கிறது என்பார். செல்போன் வந்தது, பூத் மூடியது. அந்தச் செல்போனே பிறகு அவருக்குப் பேசத் தொடங்கியது. திரையைத் தடவினால் படித்துக் காட்டுகிறது. நாளிதழ், வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு எல்லாம் காதில். அவர் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசுவது எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. 2016-க்குப் பிறகு நோட்டெல்லாம் அளவு மாறி விரலுக்குப் பிடிபடாமல் போனபோது தவித்துப்போனார். 2020-இல் ரிசர்வ் வங்கி நோட்டைப் படித்துச் சொல்லும் செயலியைக் கொடுத்தது.

ஆனாலும் பேத்தி வந்தால் போனை ஓரமாக வைத்துவிடுவார். “ஏட்டி, தெருவுல என்ன நடக்கு, சொல்லு.” அவள் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் எதையும் பார்க்கிறவள். அதனால் தெருவை விட்டுவிட்டுத் திண்ணையைச் சொல்வாள். எறும்பு ஒரு சோற்றைத் தூக்குது தாத்தா, மூணு எறும்பு, ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கமா இழுக்குது. நான் பன்னிரண்டு வயதில் அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இவள் சொல்கிறாள்.

நர்சம்மா வந்த நாள்

1982-இல் ஒரு நாள் கிராம நர்சம்மா பழுப்புப் பாட்டிலும் கரண்டியுமாக வந்தார். வைட்டமின் ஏ கரைசல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திட்டம் 1970-லேயே நாட்டில் தொடங்கிவிட்டது. எங்கள் திண்ணையில் அன்றுதான் நான் பார்த்தேன். என் கடைசித் தம்பிக்கு வாயில் ஊற்றிவிட்டு நர்சம்மா விளக்கினார். இந்தச் சத்து இல்லாட்டி முதல்ல மாலைக்கண் வரும், அம்மை போட்டா கண்ணே போயிரும். மருந்து மட்டும் பத்தாது, முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை குடுங்க. பிள்ளைக்குக் கீரை குடுத்தா மாந்தம் வரும்ங்கிறதெல்லாம் சும்மா.

ஆச்சி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. நர்சம்மா அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அது நின்றபடியே இருந்தது.

மறுநாள் முதல் வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. பொரியல், அடை, சொதி, கூட்டு. நாங்கள் முகம் சுளித்தாலும் விடமாட்டாள். 2012-இல் சாகும்வரை, கை நடுங்கிய காலத்திலும் தானே உருவி ஆய்வாள். எங்களுக்கு அது கிழவியின் பிடிவாதம்.

காய்ச்சல்

போன மாதம் பேத்திக்குக் காய்ச்சல். எட்டு நாள் ஒட்டுப் போடவில்லை. அடுத்த பரிசோதனையில் இடது கண், எழுத்துப் பலகையில் ஒரு வரி பின்னால் போயிருந்தது. திரும்பப் பிடித்துவிடலாம், பயப்படாதீர்கள் என்றார் மருத்துவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்த மகள் அந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எட்டு நாளுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘என் தப்பு’ என்று எழுதியிருந்தாள். இரவு திண்ணையில் உட்கார்ந்து அதை என்னிடம் வாசித்துக் காட்டி அழுதாள். தடுக்க முடியும் என்று தெரிந்த பிறகு தடுக்காமல் விட்டது பாவம் இல்லையா அம்மா என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மாமா கட்டிலில் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம்.

“நர்சம்மா வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி எங்கம்மை என் தலைமாட்டுல வந்து உக்காந்தா,” என்றார். “ஒண்ணும் பேசல. விடியுற வரைக்கும் தலையைத் தடவிக்கிட்டே இருந்தா. கைல முருங்கை வாசம். காரணம் எனக்கும் தெரியும். நர்சம்மா சொன்னத நானும்தான கேட்டுக்கிட்டு இருந்தேன். கயிறைப் பிடிச்சுட்டு தினம் நான் தொட்டுக்கிட்டுப் போன மரம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“முப்பது வருஷம் கீரை ஆஞ்சா. எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல. உம்மேல தப்பில்லம்மான்னு நானும் ஒரு நாளும் சொல்லல. சொல்லிருக்கணும்.”

மகள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ரப்பர் இருந்தது. சிவப்பு மை ரப்பருக்கு அழியவில்லை, தாள்தான் கிழியப் பார்த்தது. விட்டுவிட்டு, எட்டு வட்டத்துக்கும் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு இழுத்தாள். மேலே எழுதினாள்: காய்ச்சல்.